பாலக் இலை அகன்ற கதை

என் உரக்கடைக்குப் போன் வந்தபோது யூரியா மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து டாக்டர் எஸ்தரின் பக்கத்து வீட்டு அம்மாள் தெலுங்கில் சொன்னார்: டாக்டர் காலையில் போய்விட்டார். நம் தமிழ்ச் சங்கத்தில் அவரை அறிந்தவர்கள் பலர். அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலர். குறை சொல்லவில்லை, அன்று வேலைநாள்.

இலை எப்படி வளர்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். நகத்தளவு பீன்ஸ் இலைத் துண்டுகள் இரண்டு கிண்ணங்களில் மிதந்தன. இரண்டிலும் ஹார்மோன், ஒன்றில் மட்டும் பொட்டாசியமும் சேர்த்திருந்தார். அதில் இருந்தவை நன்றாக அகன்றிருந்தன.

"ஹார்மோன் செல்லோட சுவரைத் தளர்த்திவிடும், அண்ணாச்சி. பொட்டாசியம் உள்ள போய்த் தண்ணிய இழுத்தாத்தான் அது விரியும். சுவரு மட்டும் தளர்ந்து என்ன செய்ய?"

அதைப் பார்த்த பிறகும் பயிருக்கு அடிக்கும் ஒரு ஹார்மோன் டானிக்குக்கு ஏஜென்சி எடுத்தேன். குஷாய்குடா பக்கத்துக் கீரைத் தோட்டக்காரர்களைக் கூட்டி, டாக்டரையே பேச அழைத்தேன். நம் சரக்கைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். வியாபாரி கேட்கத்தான் செய்வான். பாலக் கீரை போடும் ஒருவர் எழுந்து, இதை மட்டும் அடித்தால் போதுமா என்றார்.

"நக்கோ பாய்", வேண்டாம் என்று உருதுவில் தொடங்கிய டாக்டர், பொட்டாஷ், அதாவது பொட்டாசியம், குறைந்த மண்ணில் இது வீண் செலவு என்று தெலுங்கில் விளக்கிவிட்டார். பெட்டிகள் கடையிலேயே கிடந்தன.

சனிக்கிழமை மாலையில் தமிழ் பேசுவதற்கென்றே அவர் கடைக்கு வருவது வழக்கம். அந்த வாரம் வராமல் இருந்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை. சரக்கெல்லாம் அதற்குப் பிறகு. வந்தார். படியிலேயே நின்றார்.

"கோபமா அண்ணாச்சி?"

"சரக்கு தேங்கினா சந்தோஷமாவா இருக்கும்? உள்ள வாங்க டாக்டரம்மா. பொட்டாஷும் நான்தான் விக்கேன், அதையாவது சொன்னீங்களா?"

"கடைப் பேரைச் சொல்ல மறந்துட்டேன்."

"அதுக்குத்தான் கோபம்."

சிரித்தார். தேநீர் பாதியானதும், "இங்க வர முடியாமப் போயிருமோன்னு பயந்துட்டேன். வீட்டுல ரேடியோ மட்டும்தான் பேசுது" என்றார். என் வீட்டில் ஆறு பேர். நான் தமிழில் கேட்டால் பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொல்வார்கள். அதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அவரால் எனக்கு வந்த பழக்கம் ஒன்று உண்டு. டானிக் கேட்டு வருகிறவரிடம், பொட்டாஷ் போட்டீர்களா என்று முதலில் கேட்கிறேன். சில விற்பனை கைவிட்டுப் போகும். ஆள் திரும்பி வருவார். போன சனிக்கிழமை அப்படி ஒருவர், என் உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளோடு ஒரு பாலக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இருட்டும் வரை அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு எடுத்துப்போனேன். எவ்வளவு பெரிய இலை என்று மகன் தெலுங்கில் சொன்னான். எப்படி அகன்றது என்று யாரும் கேட்கவில்லை.