ஒரு பெட்டிக்கு எத்தனை ஆட்டம்

சியாட்டிலில் வீடியோ கேம் பெட்டியும் அதில் போட்டு ஆடும் ஆட்டங்களும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் மார்லிஸ் ஹோவ்லண்டுக்கு ஒரே வேலைதான். விற்ற ஆட்டங்களை விற்ற பெட்டிகளால் வகுக்க வேண்டும். பெட்டியை நஷ்டத்துக்குத்தான் விற்றார்கள், லாபமெல்லாம் ஆட்டங்களில். அதனால் ஒரு பெட்டிக்கு எத்தனை ஆட்டம் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் மேலிடத்தில் சிரிப்பதா முறைப்பதா என்று முடிவு செய்வார்கள்.

பெட்டியை வடிவமைத்தவன் டெல்பர்ட் ரூக். அதற்காகக் கல்யாண வாழ்க்கையையே தொலைத்தவன். மதியம் மார்லிஸோடுதான் சாப்பிடுவான். அவள் சாண்ட்விச்சில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்வான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெட்டிகள் கடையில் வைக்க வைக்கத் தீர்ந்தன. டெல்பர்ட் மேசை மேல் ஏறி ஆடினான். ஜனவரியில் மார்லிஸின் கணக்கோ நாலிலிருந்து இரண்டுக்கு விழுந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். புதிதாக வாங்கியவர்கள் இப்போதுதான் பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள். கையில் ஒரே ஆட்டம். அடுத்ததை வாங்க அவர்களுக்குக் கொஞ்ச நாள் வேண்டாமா?

கூட்டத்தில் அதைச் சொல்லத்தான் எழுந்தாள். தலைவர் ராண்டல் பீல் கையமர்த்தினார்.

"கதையெல்லாம் வேணாம், மார்லிஸ். போன வருஷம் நாலு, இப்ப ரெண்டு. அப்படித்தானே?"

"ஆமா ராண்டல், ஆனா..."

"வாங்கி மூலையில போட்டுட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "கோடை வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்" என்று முனகினாள். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

அந்த மாதமே பெட்டித் தயாரிப்பை நிறுத்தினார்கள். புது ஆட்டங்களையும் பாதியில் கைவிட்டார்கள். டெல்பர்ட்டுக்கு வேலை போயிற்று. மழையில் அவன் கார் வரைக்கும் மார்லிஸ் கூடவே போனாள்.

"கூட்டத்துல நீ இருந்தியே" என்றான்.

"சொன்னேன், டெல்பர்ட்."

"சத்தமா சொல்லியிருக்கலாம்ல?"



கோடையில் பெட்டி வாங்கியவர்கள் கடைகளுக்கு வந்தார்கள். மிச்சமிருந்த பழைய ஆட்டங்களையே அள்ளிக்கொண்டு போனார்கள். கணக்கு நாலைத் தாண்டியது. புதிதாக விற்கத்தான் எதுவுமில்லை.

மார்லிஸ் ஸ்போக்கேனுக்குப் போன் போட்டாள். டெல்பர்ட் அங்கே அக்கா வீட்டில் இருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"இத ஏம்மா இப்ப எங்கிட்ட சொல்ற?" என்றான். கோபமாகக்கூட இல்லை. "பெட்டி தோத்துப்போச்சுன்னு நெனச்சு இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருந்தேன்."

போனை வைத்துவிட்டான். அதன்பிறகு மார்லிஸ் கூப்பிட்டபோதெல்லாம் அவன் அக்காதான் எடுத்தாள்.