மின்தூக்கிக்குள் என் ஆங்கிலம்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பெண்கள் ஆங்கிலம் பேசிப் பழக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். தினமும் ஆளுக்கொரு குரல்பதிவு அனுப்ப வேண்டும். நான் பேசுவேன், கேட்பேன், அழிப்பேன். பிழையே இல்லை என்று தோன்றினால்தான் அனுப்புவேன்.

போன மாதம் போனை வீட்டில் வைத்துவிட்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தபால்பெட்டியைப் பார்க்கக் கீழே இறங்கினேன். மின்தூக்கி நடுவில் நின்றுவிட்டது. அவசர பட்டனை அழுத்தினேன்.

"ஹலோ, வாட் ஹேப்பன்?" என்றது பட்டனுக்கு அருகிலிருந்த ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல்.

நான் மனதுக்குள் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "ஹலோ? ஹலோ?" என்று கேட்டுப் பார்த்தவர், யாருமில்லை என்று நினைத்து வைத்துவிட்டார்.

புழுக்கத்தில் மகள் விழித்து வீறிட்டாள். அழுது அழுது முகம் சிவந்துவிட்டது. மறுபடி அழுத்தி, "லிஃப்ட் ஸ்டாப்! பேபி இன்சைட்! கம் ஃபாஸ்ட் லா!" என்று கத்தினேன்.

"ஓகே, ஓகே, கமிங்!" என்றார். ஆட்கள் வந்து திறந்துவிட்டார்கள்.

"நீயா இங்கிலீஷ்ல கத்துன?" என்று, நான் நடந்ததைச் சொன்னதும் கணவர் நம்பாமல் கேட்டார்.

இப்போதெல்லாம் முதல் தடவை பேசியதையே குழுவுக்கு அனுப்பிவிடுகிறேன். நேற்றைய பதிவில் என் பிழைகளோடு மகளின் அழுகையும் கேட்கிறது. அழிக்கவில்லை.