எஸ்போசிட்டோ வீட்டார் முன்னே வரலாம்

அனியெல்லோ எஸ்போசிட்டோ இறந்துவிட்டார் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் சந்து முழுவதும் நம்பியது. நானும் நம்பினேன். மதியம் ஒரு மணிக்கு அவர் பசை வாளியோடு படியேறி வந்தார். நடந்ததைச் சொல்வதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அனியெல்லோ அண்ணன் எங்கள் எதிர்வீடு. நேப்பிள்ஸில் சுவரொட்டி ஒட்டுவது அவர் தொழில். சர்க்கஸ், தேர்தல், துணிக்கடைத் தள்ளுபடி எல்லாம் ஒட்டுவார். ஆனால் மனசு வைத்துச் செய்வது சாவு நோட்டீஸ்தான். கறுப்புக் கரை போட்ட தாளை ஒரு நூல் கோணாமல் ஒட்டுவார். தூரிகையால் நீவிவிட்டு, தொப்பியைக் கழற்றி, ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த சுவருக்குப் போவார். யாருடைய நோட்டீஸ் ஆனாலும் அப்படித்தான்.

இன்னொரு விஷயத்திலும் அவர் கண்டிப்பு. பெயருக்குக் கீழே பட்டப்பெயர் இருக்க வேண்டும். அச்சில் விட்டுப்போயிருந்தால் பையிலிருந்து கறுப்பு மையை எடுத்து அவரே எழுதிவிடுவார். எங்கள் பேட்டையில் வெறும் பெயரைப் போட்டால் யார் என்று தெரியாது. எங்கள் கட்டடத்து வாசலில் பதினொரு அழைப்புமணி. அதில் ஆறு எஸ்போசிட்டோ. தபால்காரர் கீழே நின்று கத்துவார்: "எஸ்போசிட்டோ இல்லாதவங்க மட்டும் இப்ப கீழ வாங்கப்பா! மத்தவங்களைப் பிரிச்சுப் பார்க்க எனக்கு இன்னொரு நாள் வேணும்!"

இந்தப் பெயர் எங்கள் பேட்டைக்கு வந்த இடம் பக்கத்தில்தான் இருக்கிறது. அனுன்சியாத்தா மாதா கோயிலை ஒட்டிய சுவரில் ஒரு மரச்சக்கரம். அந்தக் காலத்தில் பிள்ளையை வளர்க்க வழியில்லாத தாய் அதில் பிள்ளையை வைத்துச் சுற்றிவிட்டால், பிள்ளை உள்ளே போய்விடும். தாயின் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். உள்ளே காத்திருப்பவர்கள் எடுத்துக் கழுவி, ஞானஸ்நானம் கொடுத்து, ஏட்டில் எழுதுவார்கள். அப்பன் பெயர் எழுத வழியில்லாததால் எஸ்போசிட்டோ என்று எழுதினார்கள். லத்தீனில் 'வெளியே வைக்கப்பட்டவன்' என்று அர்த்தமாம், பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு ராஜா காலத்தில், இந்தப் பெயர் பிள்ளைகள் நெற்றியில் முத்திரை குத்தியது போல் இருக்கிறது, வேறு வேறு பெயர் வையுங்கள் என்று உத்தரவு வந்தது. சக்கரம் நின்றும் நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. ஆனால் அதற்குள் முதலில் வந்த பிள்ளைகள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஊரெல்லாம் நிறைந்துவிட்டார்கள். இன்று மீன் விற்பவரும் எஸ்போசிட்டோ, அவருக்கு அபராதம் போடும் போலீஸ்காரரும் எஸ்போசிட்டோ. சக்கரத்தில் வந்த பிள்ளைகளை எங்கள் பக்கம் அனாதை என்று சொல்வதில்லை. மாதாவின் பிள்ளைகள் என்போம்.

அனியெல்லோ அண்ணன் பட்டாளத்தில் வடக்கே இருந்தபோது ஒரு சார்ஜென்ட் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "உன் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாடா? உங்க வம்சத்துல எவனோ அப்பன் பேர் தெரியாதவன்."

"அம்மா பேர் தெரியும் சார்," என்றாராம் இவர். "உங்க கழுத்துச் சங்கிலியில தொங்கறாங்களே, அவங்கதான்."

மூன்று நாள் உருளைக்கிழங்கு உரிக்கப் போட்டார்கள். அதை இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்வார்.

அவர் மனைவி ரக்கேலேயும் பிறந்த வீட்டில் எஸ்போசிட்டோதான். சொந்தம் ஒன்றும் கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்து ஜெர்மனிக்கு அனுப்பிய பிறகு இருவரும் தனியாக இருக்கிறார்கள். சண்டையும் சமாதானமும் எங்கள் சமையலறை வரை கேட்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை சவப்பெட்டி விற்கும் சாவுக்கடையிலிருந்து வந்த நோட்டீஸ் கட்டைப் பிரித்தபோது, கறுப்புக் கரைக்குள் பெரிய எழுத்தில் 'அனியெல்லோ எஸ்போசிட்டோ' என்று இருந்தது. மாலை நாலு மணிக்கு அனுன்சியாத்தா கோயிலில் அடக்கப் பூசை. அவர் சாவிக்கொத்தில் கண்ணேறுக்காகத் தொங்கும் சிவப்புக் கொம்புத் தாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தன் பெயரைச் சாவுத் தாளில் பார்த்த கண்ணால் இரண்டாம் முறை பார்க்கக்கூடாது என்பது எங்கள் பயம். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே முப்பது தாளையும் ஒட்டித் தீர்த்தார். தொப்பியைக் கழற்றவில்லை, மரியே சொல்லவில்லை. பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பதையும் பார்க்கவில்லை. அப்படியே சர்க்கஸ் நோட்டீஸ் ஒட்ட மேட்டுத் தெருக்கள் பக்கம் போய்விட்டார்.

நான் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவள். எட்டு மணிக்குக் கடை விரிக்கப் போகும்போது தாளைப் பார்த்தேன். முந்தின நாள் மாலைகூட மாடியிலிருந்து அவர் தும்மின சத்தம் கேட்டதே! ஒரு பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி அடுப்பில் கோழிச்சாறு வைத்தேன். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கம்தான் சோறும் காபியும் சர்க்கரையும் கொண்டுபோய் உட்கார வைத்து ஊட்ட வேண்டும்.

பத்து மணிக்கு நான் சட்டியோடு கதவைத் திறந்தால் படியில் ஐந்து பெண்கள் சட்டியோடு நிற்கிறார்கள். முன்னால் மீன்காரி மஃபால்தா. ரக்கேலே தலையில் முடி சுருட்டும் சுருள்கட்டைகளோடு கதவைத் திறந்தாள். மஃபால்தா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"தைரியமா இரு ரக்கேலே."

"எதுக்கு?"

"அழுதுடு. உள்ள வெச்சுக்காத."

"என்னத்த வெச்சுக்காத? வெங்காயம் தீயுது, விடுடி!"

"ஐயோ, அடுப்பு வேற பத்த வெச்சிருக்கா," என்று மஃபால்தா எங்களிடம் திரும்பினாள். "பாவி மகளுக்கு இன்னும் யாரும் சொல்லலை."

சொன்னோம். "ஆறு மணிக்கு ரெண்டு காபி குடிச்சிட்டுப் போன மனுஷன்!" என்று ரக்கேலே கத்தினாள். அவருக்குப் போன் போட்டால் அது சமையலறை அலமாரியில் அடித்தது. அப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பை நானே அணைத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆள் ஓடினான், கோயிலுக்கு ஓர் ஆள். ஆஸ்பத்திரியில் ஒன்றும் தெரியவில்லை; கோயில் ஏட்டிலும் வெறும் பெயர்தான் இருந்தது. மகளுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டபோது, "உடம்பைக் கண்ணால பார்க்காம சொல்ல மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். செபமாலை மூன்று சுற்று முடிந்தது. பாஸ்தா சட்டிக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு அவர் வந்தார். கறுப்பு முக்காடுகளைப் பார்த்ததும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, மெதுவாகக் கேட்டார்: "யாரு போயிட்டது?"

"நீங்க," என்றாள் மஃபால்தா.

ரக்கேலே எழுந்து கைத்துணியால் அவரை நாலு அடி அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு போனை ஏன் விட்டுப் போனாய் என்று இன்னும் இரண்டு அடி.

"அடிக்காத அக்கா, அண்ணனுக்கு இன்னும் பத்து வருஷம் ஆயுசு கூடியிருக்கு," என்றாள் ஒருத்தி.

"பேசற பொணம்! லாட்டரிக் கணக்குல அதுக்கு நாப்பத்தெட்டு! எல்லாரும் இன்னைக்கே லாட்டரில நாப்பத்தெட்டு போடுங்கடி!" என்றாள் மஃபால்தா. அழுத கண்ணோடு அத்தனை பேரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் ரக்கேலே கேட்டாள்: "சரி, அப்ப செத்தது யாரு?"

அனியெல்லோ அண்ணன் முகம் மாறியது. முப்பதுக்கு மேல் கூடுதலாக வந்து பையில் கிடந்த ஒரு தாளை எடுத்து, இப்போதுதான் நேராகப் பார்த்தார். பெயருக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

"கையுறைக்காரர்," என்றார். "பின்சந்துல மூணாவது மாடி. தோல் கையுறை வெட்டுவாரே. படுக்கையில இருக்கார்னு கேள்விப்பட்டேன்." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அவரு தங்கச்சி ஒலிம்பியா அக்கா வீட்டுக்கு யார் போனீங்க?"

யாரும் போகவில்லை. அந்த இரண்டு பேரும் வெளியே வந்து பல வருஷம் ஆகிறது. எங்களுக்கு அனியெல்லோ என்றால் பசைக்காரர் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

"அந்தம்மாவுக்கு வேற யாரும் கெடையாது," என்றார் அவர். "நான் ஒரு வார்த்தை எழுதியிருந்தா நீங்க எல்லாம் அங்க போயிருப்பீங்க. என் பேரைப் பார்த்து நானே பயந்துட்டேன். இப்ப நாலு மணிக்குப் பெட்டிக்குப் பின்னால அவங்க ஒத்தையா நடக்கணும். என்னால."

"நடக்க மாட்டாங்க," என்று ரக்கேலே சுருள்கட்டைகளைப் பிடுங்கிப் போட்டாள். "சட்டியைத் தூக்குங்க."

ஆறு சட்டி, இரண்டு காபிக் கூஜா, ஒரு பொட்டலம் சர்க்கரையோடு பின்சந்துக்குப் போனோம். முன்னால் அனியெல்லோ அண்ணன் என் கோழிச்சாற்றைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்த ரொட்டிக்கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்புறம் சொல்றேன், நாலு மணிக்குக் கோயிலுக்கு வா, எல்லாரையும் கூட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. பெட்டியில் கிடந்தவர் கையில் சாம்பல் நிறக் கையுறை, அவரே வெட்டியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒலிம்பியா அக்கா ஒரு நாற்காலியில். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவள் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை.

"ஜன்னல்ல பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "காலையில எல்லாரும் சட்டியோட அந்தப் பக்கம் போனீங்க. யாரோ நல்ல மனுஷன் செத்திருக்கான் போலன்னு நெனச்சேன்."

அனியெல்லோ அண்ணன் சட்டியைக் கீழே வைத்தார். "நான்தான் அக்கா அது."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்க."

அவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். கட்டைப் பிரித்தது, கொம்பைப் பிடித்தது, முகத்தைத் திருப்பியது எல்லாம். ரக்கேலே ஒரு தட்டில் உருளைக்கிழங்கு பாஸ்தாவை எடுத்து அக்கா மடியில் வைத்தாள். நாலு வாய் சாப்பிட்டபின் ஒலிம்பியா அக்கா சொன்னாள்: "குழைஞ்சு போச்சு."

"காலையில வேற ஒருத்தருக்காகச் செஞ்சதுக்கா," என்றாள் மஃபால்தா.

"அவனுக்கும் நல்லாச் செஞ்சிருக்கலாம்," என்றாள் அக்கா. தட்டைக் காலி செய்துவிட்டுக் காபியும் கேட்டாள்.

பெட்டியைத் தூக்கச் சாவுக்கடை ஆட்கள் வந்தபோது அனியெல்லோ அண்ணன் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரர் சொன்ன சொல் காப்பாற்றினார். செத்தவர் நடந்து வருகிறாராம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து கோயில் பாதி நிறைந்தது. ஆனால் எல்லாரும் பின்பக்கமே உட்கார்ந்தார்கள். சொந்தக்காரர்களுக்கான முன்வரிசையில் ஒலிம்பியா அக்கா ஒருத்தி மட்டும். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அனியெல்லோ, இங்க வா."

"நான் சொந்தம் இல்லையே அக்கா."

"உன் பேரென்ன?"

"எஸ்போசிட்டோ."

"என் பேரு?"

"எஸ்போசிட்டோதான்."

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே சக்கரம் இருக்கு? உனக்கும் எனக்கும் அம்மா யாருன்னு பீடத்துல பாரு. பூசைக்கு நேரமாச்சு, வா."

அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பங்குச் சாமியார் பீடத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எஸ்போசிட்டோ வீட்டார் முன்னே வரலாம்."

ரக்கேலே எழுந்தாள். மஃபால்தா எழுந்தாள். ரொட்டிக்கடைக்காரர், அவர் மச்சான், தபால்காரர்கூட எழுந்தார். அவரும் எஸ்போசிட்டோ என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷம் எஸ்போசிட்டோக்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்த மனுஷன். பெஞ்சுகள் நாலு வரிசை நிறைந்து, இடமில்லாமல் நடுவழியில் நின்றார்கள். பூசைக்கு உதவும் கோயில் பிள்ளை மணியைக் கையில் வைத்துக்கொண்டு தானும் இறங்கி வரலாமா என்பது போல் சாமியாரைப் பார்த்தார். பெஞ்சுகள் இழுபடும் சத்தம் அடங்கும்வரை சாமியார் காத்திருந்தார். என் குடும்பப் பெயர் வேறு. நான் என் இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மனசு நிறைந்துதான் அழுதேன்.

மறுநாள் காலை கடை விரிக்கும்போது பார்க்கிறேன், அனியெல்லோ அண்ணன் மை டப்பாவும் தூரிகையுமாக என் பக்கத்துச் சுவரில் நிற்கிறார். முப்பது தாளிலும் பெயருக்குக் கீழே 'கையுறைக்காரர்' என்று எழுதிக்கொண்டு வருகிறாராம். இது கடைசித் தாள்.

மீன் கூடையோடு போன மஃபால்தா நின்றாள். "அடக்கமே முடிஞ்சுது, இனிமே யாருக்கு அண்ணே?"

"தாள் இன்னும் ஒரு வாரம் சுவத்துல இருக்கும்ல," என்றார் அவர், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நாப்பத்தெட்டு வந்துச்சா?"

"எங்க வந்துச்சு! உங்களை நம்பிப் போட்டேன்."

அவர் சிரித்தார். மை காய்ந்ததா என்று ஊதிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, முந்தின நாள் விட்டுப்போன மரியேக்களில் முப்பதாவதைச் சொல்லி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்தாவுக்கு ஒலிம்பியா அக்காவை அழைத்திருப்பதாகவும், குழையாமல் எடுக்கச் சொல்லி ரக்கேலேயிடம் நாலு தரம் சொல்லியாகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கினார்.