கோமளம்மா கொடுத்த பிரிட்ஜ்

ராஜேந்திரனுக்கு எதையும் இருந்தபடி இருக்க விடத் தெரியாது. நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் விடுவான். ஆறிவருகிற புண்ணைச் சொறிந்து பார்ப்பான். வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வந்தபின் வேலை மாறினான், வண்டியை மாற்றினான், வீடும் மாறிக்கொண்டே இருந்தான். ஜோகுபாளையத்தில் இந்த மாடி வீடு கிடைத்தபோது அவன் மனைவி வைஷ்ணவி மூட்டையைப் பிரிக்காமலே சொல்லிவிட்டாள்: "இதுதாங்க கடைசி. உங்களால இதுவும் போச்சுன்னா, நான் மூட்டையோட நேரா எங்க அம்மா வீட்டுக்குத்தான்."

கீழே வீட்டுக்காரர்கள், கோமளமும் சுந்தரேசனும். சைவம். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை மூடிக்கொண்டால் மேலே கறி வேகலாம் என்பது இரண்டு வீடும் பேசாமலே செய்துகொண்ட ஒப்பந்தம். புது பிரிட்ஜ் வந்த அன்று கோமளம் பழையதைக் காட்டி, "இதை குஜிரிக்காரனுக்குப் போட்டுடு ராஜேந்திரா, நான் கூப்ட்டா வரமாட்டேங்கறான்" என்றாள்.

பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டியது, மாடி பால்கனிக்கு ஏறிவிட்டது.

ஊரில் உப்புக்கண்டம் வெயிலில் காயும். பெங்களூர் ஆடித் தூறலில் துவைத்த துணியே காயாது. அதுவும் ராஜேந்திரனுக்குத் துண்டு துண்டாகப் போட மனசில்லை. யாரோ வெளிநாட்டுக்காரன் நிலவறையில் முழுத் தொடையைத் தொங்கவிட்டிருந்ததை போனில் பார்த்திருந்தான். டெக் பார்க்கில் ஏசி ரிப்பேர் பார்ப்பவனுக்கு இதென்ன பெரிய வேலை? குளிர் அதிகமானால் கரன்ட்டை நிறுத்துகிற சின்னக் கருவி ஒன்று, காற்று சுற்றிவர கம்ப்யூட்டர் விசிறி ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர். உப்பில் ஊறிக் கிடந்த ஆட்டுத் தொடையைத் துடைத்து, துணி சுற்றி நடுவில் தொங்கவிட்டான்.

தொங்கவிட்டவன் சும்மா இருந்தானா? பல் தேய்க்கும்போது திறப்பான், சட்டைக்குப் பொத்தான் போடும்போது திறப்பான். உள்ளே கட்டிவைத்த ஈரமெல்லாம் வெளியே போய், தொடையின் மேல்தோல் மரப்பட்டையாக இறுகியது. உள்கறி கெட்டுவிட்டதோ என்ற பயத்தில் இன்னும் அடிக்கடி திறந்தான்.

"அடைகாக்கற கோழிகூட இத்தனை தடவ எழுந்து பாக்காது" என்றாள் வைஷ்ணவி.

"வாசனை பாக்கறேன்டி."

"கீழ இருக்கறவங்களுக்கும் காட்டிடுங்க."

வரமகாலட்சுமி பண்டிகைக்கு முதல் நாள் காலையில் படியில் வளையல் சத்தம் கேட்டது. கோமளம், இரண்டு கையிலும் பூப்பொட்டலத்தோடு நின்றாள்.

"புதுசுல இடமே இல்லப்பா. பாலும் பழமுமா ரொம்பிக் கெடக்கு. இந்த மல்லியும் சேவந்தியும் நாளைக்கு வரைக்கும் என் பழைய பிரிட்ஜ்ல இருக்கட்டும்."

"அது... குஜிரிக்குப் போட்டாச்சே ஆன்ட்டி."

"என்கிட்டயா? வருஷக்கணக்கா அது முனகறதைக் கேட்டுண்டே தூங்கினவ நான். ஒரு வாரமா தலைக்கு மேல முனகறதே!" சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போய்விட்டாள்.

ராஜேந்திரன் ஓடிக் குறுக்கே நின்றான். வாயில் நாலைந்து பொய் வந்தது. ஒன்றும் நிற்கவில்லை. "உள்ள கறி இருக்கு ஆன்ட்டி. ஆட்டுத் தொடை."

கோமளத்தின் பார்வை பிரிட்ஜ் கைப்பிடிக்கு மேலே போய் நின்றது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அவளே வைத்த சந்தனமும் குங்குமமும் அங்கே அப்படியே இருந்தன. உள்பக்கத்தை வெந்நீரில் மூன்று முறை கழுவியவன், கதவின் முகத்தைத் துடைக்கவே இல்லை.

"பேடா" என்றாள். 'வேண்டாம்' என்பது அவளுக்குக் கோபத்தில்தான் கன்னடத்தில் வரும். "பேடாப்பா, ஒண்ணும் சொல்லாதே." பூவோடு இறங்கிப் போனாள்.

வைஷ்ணவி கத்தவில்லை. பரண்மேல் இருந்த காலிப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "நாளைக்கு மஞ்சள் குங்குமத்துக்கு என்னைக் கூப்பிடறாங்களான்னு பாப்போம்" என்றாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், மோட்டார் போட்டான், அணைத்தான். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் பட்டுச்சேலையில் வந்து, வெற்றிலை பாக்கோடு திரும்பினார்கள். ஒவ்வொரு கேட் சத்தத்துக்கும் அவன் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தான். வைஷ்ணவி சேலையை எடுத்து வைத்திருந்தாள், கட்டவில்லை.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துக் கீழிருந்து குரல் வந்தது. "வைஷ்ணவி! உனக்குத் தனியா ஆள் அனுப்பணுமா?"

அவள் சேலை கட்டிய வேகத்தை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

தேங்காயும் ரவிக்கைத் துணியுமாக அவள் திரும்பி வந்தபோது ராஜேந்திரன் பால்கனியில் முட்டி போட்டு, ஈரத்துணியால் பிரிட்ஜ் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சந்தனம் போயிருந்தது. குங்குமச் சிவப்பு மட்டும் பெயின்டுக்குள் இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க உள்ளே தொடை ஆடி, பக்கத்தில் முட்டியது.

"என்ன சொன்னாங்க?"

"உள்ள எதை வேணா வெச்சுக்கட்டும், நான் வெச்ச பொட்டை மட்டும் அழிச்சுடச் சொல்லுன்னாங்க. அப்புறம், அழிச்சாச்சான்னும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"காலையிலயே அழிச்சாச்சுன்னு சொல்லிட்டேன்." பையை மறுபடி பரணில் போட்டாள். "தேய்ங்க."