ஃபேனை நிறுத்துங்கள், விமானம் பறக்கப்போகிறது

நான் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்து ஊரில், ஒரு மாலை பஸ்ஸில் என் எதிர் இருக்கைக்காரர் மடியில் ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டு இறக்கை, நடுவில் குச்சிகள், குறுக்கும் நெடுக்கும் நூல்கள். மனிதர்கள் பறக்கக் கற்றுக்கொண்ட புதிதில் செய்த விமானத்தின் சின்ன உரு. கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஏரல் போகிற பஸ்ஸில் இப்படி ஒருவர் ஏறியிருந்தால், பழையகாயல் வருவதற்குள் அது எங்கே வாங்கியது, பறக்குமா, பேட்டரியா பெட்ரோலா என்று பஸ்ஸே விசாரித்து முடித்திருக்கும். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போடவா என்று கேட்டிருப்பார். நான் குனிந்து, "இது பறக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் யோசித்து, "அதுதானே கேள்வி" என்றார். பதில் இனிமேல்தான் வரும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வர ஆசைப்படுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய நிறுத்தம் வந்ததும், "சரி, வாருங்கள், பார்த்துவிடலாம்" என்றார். நானும் இறங்கிவிட்டேன்.

அப்படித்தான் டக்ளஸ் எனக்குப் பழக்கமானார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவரைப் போன்ற சிலர் வாரம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடி, பால்சா என்னும் லேசான கட்டையும் மெல்லிய தாளும் கொண்டு செய்த விமானங்களை விடுகிறார்கள். மோட்டார் கிடையாது. வயிற்றுக்குள் ஒரு ரப்பர் நாடா, அதை முறுக்கிவிட்டால் மூக்கிலுள்ள காற்றாடி சுழலும். அன்று டக்ளஸின் விமானம் கையை விட்டுக் கிளம்பி, சத்தமே இல்லாமல் கூடைப்பந்து வளையத்தைச் சுற்றி வந்தபோது நான் கைதட்டிக் குதித்துவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம் "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று சொல்லுகிறவள் நான். அந்த ஊருக்கு வந்தபின் முதன்முறையாக அன்று எனக்கே மூச்சு நின்றது.

நானும் ஒன்று செய்ய ஆரம்பித்தேன். கடையில் கிடைக்கும் கட்டைகளை வரைபடத்தின்மேல் வைத்து வெட்டி ஒட்டி, இறக்கைக்குத் தாள் போர்த்தி, சாயமும் பூசி முடித்ததும் டக்ளஸிடம் காட்டினேன். "நுனிகளுக்கு எ வீ பிட் ஆஃப் வாஷவுட் வேண்டும்" என்றார். 'வீ பிட்' என்றால் அந்த ஊரில் கொஞ்சம். சாயம் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் கழுவச் சொல்லுகிறார் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் நான்கு நுனிகளையும் துடைத்தேன். காலையில் பார்த்தால் தாள் காய்ந்து சுருங்கி, இறக்கை பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது. வாஷவுட் என்றால் இறக்கை நுனியின் பின்விளிம்பைக் கொஞ்சம் மேல்நோக்கி முறுக்கிவைப்பதாம். தப்புச் செய்தது நான், ஆனால் "சாரி, சாரி" என்று மன்னிப்புக் கேட்டது அவர். கெண்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் காட்டிக் காட்டி நுனிகளை நிமிர்த்திக் கொடுத்தார்.

இதையெல்லாம் தூத்துக்குடியில் என் தங்கை ஷீபா வீடியோவில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அவளை என்னிடம் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கனவு. அவளுக்காகவே இரண்டு படுக்கையறை வீடு எடுத்திருந்தேன். ஒரு அறையில் கட்டில் போட்டு, சுவருக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தேன். "உன் சிஸ்டர் எப்போது வருகிறாள்?" என்று டக்ளஸ்கூடக் கேட்பார். "சீக்கிரம்" என்பேன்.

மே மாதம் லீவில் ஊருக்குப் போனேன், விமானத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரும் சின்ன விமானத்தில் பெட்டி மேலே நுழையவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கை அம்மா, "உள்ள கேக் இருக்காம்மா?" என்றார். விமானம் என்றேன். "விமானத்துக்குள்ள எதுக்குமா விமானம்?" என்றார். நம் ஆட்கள், நம் கேள்வி! சந்தோஷமாக இருந்தது. வீட்டில் பெட்டியைத் திறந்தபோது சந்தோஷம் போய்விட்டது. கீழ் இறக்கை குச்சிகளை விட்டுக் கழன்று, நூலெல்லாம் சிக்கிக் கிடந்தது. "அழாதக்கா, கட்டிருவோம்" என்று ஷீபா சாப்பாட்டு மேசையைத் துடைத்தாள்.

ஃபேன் போட்டால் நூல் பறக்கும். அதனால் நிறுத்திவிட்டு, வேர்வை ஒழுக ஒழுக வேலை செய்தோம். பறக்கும்போது இறக்கை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிப்பது ஒரு நூல், இறங்கும்போது கீழே தொங்காமல் பிடிப்பது இன்னொரு நூல். ஒன்றை அதிகமாக இழுத்தால் இறக்கை கோணும். ஷீபா கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, "இடது பக்கம் ஒரு பொட்டு தூக்கு, போதும், போதும்!" என்று கத்துவாள். இரண்டு பேருக்கும் வெறி பிடித்துவிட்டது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை. கடைசிக் குச்சிகளைப் பசையிட்டு, மேல் இறக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பசை காயும்வரை கையை எடுக்க முடியாது. அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அக்கா, நான் அங்கன வரல."

"ஏளா, என்ன சொல்லுத?"

"கைய அசைக்காத. காத்தாலை எறக்கைய கப்பல்ல ஏத்துறது இப்ப என் பொறுப்புக்கா. ஒரு எறக்கை நம்ம தெரு நீளம் இருக்கும். கிரேன் அதத் தூக்கும்போது ஹார்பர் யார்டே மூச்சுப் பிடிச்சு நிக்கும். நான் கையக் காட்டுனாதான் எறக்குவாவ. அத விட்டுட்டு அங்கன வந்து நான் என்ன செய்ய?"

"நான் அங்க ஒத்தையில கெடக்கேன்ளா."

"தெரியும்க்கா. அதான் இவ்வளவு நாளா சொல்ல முடியல."

எழுந்து போயிருப்பேன். கதவை அடித்துச் சாத்தியிருப்பேன். ஆனால் கையில் இறக்கை இருந்தது. அவள் கைக்குட்டையால் என் கண்ணையும் நெற்றியையும் துடைத்துவிட்டு, கிரேனைப் பற்றியும், காற்று கூடினால் வேலையை நிறுத்துவதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். மகுடி கேட்ட பாம்புபோல நான் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். ஆனால் அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குத் தெரிந்த வெளிச்சம். பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். பசை காய்ந்தது. கையை எடுத்தேன். இறக்கை நின்றது.

கடற்கரைக் காற்றில் இதை விட முடியாது. பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம் காலியாக இருந்தது. மண்டபத்து அண்ணாச்சி, "பொம்மைக்கு எதுக்கும்மா மண்டபம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே சாவி கொடுத்தார். ஃபேனையெல்லாம் நிறுத்தச் சொன்னதும் முகம் இன்னும் சுருங்கியது. முதல் தடவை விமானம் மூக்கைத் தூக்கி, அந்தரத்தில் தயங்கி, தலைகுப்புற நாற்காலியில் விழுந்தது. "ம்க்கும்" என்றார் அண்ணாச்சி. மூக்குக்குக் கொஞ்சம் கனம் சேர மிளகளவு மெழுகு ஒட்டினேன். ஷீபா ரப்பரை முறுக்கினாள். விட்டேன். தாழ்ந்தது, போச்சு என்று நினைத்தேன், நிமிர்ந்தது. மணமேடைக்கு மேலாக ஏறி, சரவிளக்கை உரசாமல் திரும்பி, எங்கள் தலைக்கு மேல் நூல்கள் மினுங்க வந்தது. ஷீபா அதன் கீழேயே ஓடினாள், நானும் ஓடினேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த பையன் ஒருவன் புழுக்கம் பொறுக்காமல் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோக, "ஏலே, ஃபேனத் தொடாதலே! பறக்குல்லா!" என்று அண்ணாச்சி மண்டபம் அதிரக் கத்தினார். விமானம் இரண்டாவது சுற்றும் முடித்து, பந்தி மேசையில் பூப்போல இறங்கியது. ஷீபா என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதோமா சிரித்தோமா என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

விமானத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். மஞ்சள் அறையில் இப்போது கட்டில் இல்லை, வேலை மேசை இருக்கிறது. அங்கே இன்னொரு விமானம் செய்தேன். போன சனிக்கிழமை, எனக்காகக் காலையிலேயே திறந்து வாங்கிய டக்ளஸின் அரங்கில் நான், அதே நேரம் தூத்துக்குடியில் மத்தியானம், மண்டபத்தில் ஷீபா. இருவரும் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, சேர்ந்து எண்ணி, சேர்ந்து விட்டோம். திரையில் அவள் விமானம் ஒரு ஓரத்தில் தோன்றி மறு ஓரத்தில் மறைந்தது. மறுபடி வருமா என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது என்னுடையது எங்கேயோ இறங்கியிருந்தது. டக்ளஸ் அதை ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். "என்ன அழகு! பார்த்தாயா?" என்றார். போனுக்குள்ளிருந்து, "அக்கா, பாத்தியா, பாத்தியா?" என்று ஷீபா மூச்சிரைத்தாள். ஒருவருக்கு ஆங்கிலத்தில், ஒருவருக்குத் தமிழில், "பார்த்தேன்" என்றேன். உண்மையில், இரண்டில் எது தரையிறங்கியதையும் நான் பார்க்கவில்லை.