தகரப் பெட்டியில் செல்லுபடியான ஒரே காகிதம்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர், ஒரு தொட்டியையும் இரண்டு கைகளையும் மட்டும் வைத்துத் தொடங்கி, தெருமுனையில் மாடி வைத்த சலவைக் கடையை எழுப்பியிருக்கிறார் என்றால், அவருக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இருக்கட்டுமே. சும்மா வந்த கனமா அது? படித்தவர்கள் பத்துப் பேர் கையில் அழுக்குச் சட்டையோடு வரிசையில் நிற்க, அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் அழகே தனி.

ஊர் அவருக்கு வைத்த பெயர் முத்திரை முதலாளி. எதற்கெடுத்தாலும் முத்திரைத்தாள் வாங்கி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். காரணம் இல்லாமல் இல்லை. இளவயதில் அவரை ஒரு சலவைக் கடைக்காரர், "உன்னப் பங்காளி ஆக்குறேன்டா" என்று வாயால் சொல்லிச் சொல்லியே ஏழு வருஷம் வேலை வாங்கினார். எட்டாம் வருஷம் தன் மருமகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதினதுதான் நிற்கும் என்ற ஞானம் அன்றைக்குப் பிறந்தது.

அவர் எழுதியது எல்லாம் நின்ற இடம், மேசைக்கடியில் இருந்த பச்சைத் தகரப் பெட்டி. மொத்தம் இருபத்தாறு ஒப்பந்தங்கள். வக்கீல் வைத்து எழுதியது ஒன்றுகூட இல்லை. "அவங்க எழுதினா அவங்களுக்கே புரியாது" என்பார். இவர் எழுதினால் முற்றுப்புள்ளியே இருக்காது. மூச்சு விடாமல் ஒரே வாக்கியம் பக்கம் முழுக்க ஓடும். ஆனால் ஒரு நேர்மை உண்டு. எதை எழுதினாலும் இரண்டு பிரதி. ஒன்று பெட்டிக்கு, ஒன்று எதிராளிக்கு.

அந்தக் கடையின் உயிர்நாடி முதலாளி இல்லை. இதை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். பின்னறையில் கறை எடுக்கும் பெண்தான் உயிர்நாடி. பதினேழு வயதில் வந்தவளுக்கு இப்போது முப்பத்திரண்டு. எல்லாருக்கும் அவள் கறைக்காரம்மா. துணியை மூக்கருகே கொண்டுபோய், "தேநீர், பால் போட்டது, மூணு நாளாச்சு" என்று சொல்லிவிடுவாள். அவளுக்கென்று ஒரு கறை மேசை. மேலே சலவைக்கல் பலகை, நடுவே சின்னத் துளை. காலால் மிதித்தால் துளை வழியாக நீராவி வரும். பக்கவாட்டில் பன்னிரண்டு இழுப்பறைகள். பதினொன்றில் பிரஷ்களும் புட்டிகளும். பன்னிரண்டாவது எப்போதும் பூட்டியே இருக்கும். அதில் ஏதோ ரகசிய மருந்து வைத்திருக்கிறாள் என்பது முதலாளியின் நெடுநாள் சந்தேகம்.

ஒரு திங்கட்கிழமை காலை, கையைத் துடைத்துக்கொண்டே அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"முதலாளி, எதிர்ல அந்தப் பழைய கடிகாரக் கடையை நான் எடுத்திருக்கேன். அடுத்த மாசம் அங்க கறை எடுக்கிற கடை போடலாம்னு இருக்கேன்."

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறைக்காகத்தான் ஊர் அவர் கடையைத் தேடி வந்தது. வெறும் துவைக்கிறதுக்கு என்றால் தெருவுக்குத் தெரு ஆள் இருந்தது. அவள் எதிர்வரிசைக்குப் போனால் வரிசையும் அவள் பின்னாலேயே போய்விடும். வாயைத் திறந்தவர், காலில் பெட்டி இடித்ததும் மூடிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"போடும்மா. நல்லாப் போடு" என்றார்.

அவள் உள்ளே போனதும் பெட்டியைத் திறந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதி வாங்கிய, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தாள் கிடைத்தது. சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினார்: "நான் என் ஆயுசு முழுக்க இந்த ஊரில் துணி துவைக்கிற கடையோ கறை எடுக்கிற கடையோ துணியைப் பார்க்கிற கடையோ திறக்க மாட்டேன் என்று..."

"துணியைப் பார்க்கிற கடையா? அது என்னங்க கடை?"

"தப்பிக்க சந்து பொந்து விடக் கூடாதுடி. படிச்ச வக்கீலுக்கு இந்த மூளை வருமா?"

வருமா என்று பார்க்க, மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடமே போனார். பன்னிரண்டு வருஷமாக இவரிடம் கறுப்புக் கோட்டு வெளுக்கப் போடுகிறவர் அந்த வக்கீல்.

தாளைப் படித்துவிட்டு வக்கீல் கேட்டார். "அப்ப அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினேழு. ஆனா சார், வேலையில நாப்பது வயசுக்காரி மாதிரி."

"வேலைக்கு வயசு பார்க்க மாட்டாங்க ஐயா, கையெழுத்துக்குப் பார்ப்பாங்க. பதினெட்டு ஆகாத பிள்ளை போட்ட கையெழுத்து அவளைக் கட்டாது."

"இப்பதான் பதினெட்டு தாண்டிடுச்சே!"

"பச்சைக் காயாப் பறிச்சதைப் பதினஞ்சு வருஷம் பெட்டியில வச்சா பழமாயிடுமா? இன்னொண்ணு கேளுங்க. அவ நூறு வயசுல கையெழுத்துப் போட்டிருந்தாலும் இது செல்லாது. ஒருத்தருக்குத் தெரிஞ்ச தொழிலை ஆயுசுக்கும் செய்யக் கூடாதுன்னு எழுதி வாங்க யாருக்கும் உரிமை கிடையாது."

"சார், நான் உசந்த முத்திரைத்தாள்ல எழுதியிருக்கேன்!"

"அழுக்குச் சட்டையைப் பட்டுத் துணியில சுத்திக் கொண்டாந்தா நீங்க வெளுக்காம விட்டுடுவீங்களா?"

தன் தொழிலை வைத்தே தன்னை மடக்கியது முதலாளிக்குச் சுருக்கென்று தைத்தது. பெட்டியை அப்படியே மேசையில் கவிழ்த்தார். "இதுல எது செல்லும்னு பார்த்துச் சொல்லுங்க."

முதல் தாள், இனிமேல் குடிக்க மாட்டேன் என்று மைத்துனர் எழுதிக் கொடுத்தது.

"கையெழுத்துப் போடும்போது நிதானத்துல இருந்தாரா?"

"எங்க சார்? ரெண்டு பேர் பேனாவைப் பிடிச்சுக் குடுத்தோம்."

"செல்லாது. என்ன எழுதியிருக்குன்னு புரியற நிலையில இருக்கணும்."

அடுத்தது, வெள்ளிக்கிழமை மழை பெய்தால் தன் குடையைக் கொடுத்துவிடுவதாகத் தையல்காரர் போட்டது. "பந்தயம். செல்லாது." அடுத்தது, இரவு எட்டு மணிக்கு மேல் பிறந்த வீட்டுப் பெருமை பேசுவதில்லை என்று மனைவி போட்டது. "புருஷன் பெண்டாட்டி வீட்டுக்குள்ள பேசிக்கிறதுக்கெல்லாம் கோர்ட்டு வராது."

"அது அன்னைக்கு ராத்திரியே செல்லல சார்."

நாலாவது தாளைப் படித்ததும் வக்கீல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சாக்கடை அடைப்புக்குக் காரணம் சலவைக் கடை இல்லை என்று அதிகாரியிடம் சாட்சி சொல்வதாகப் பக்கத்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்தது அது. "பொய் சாட்சிக்கு ஒப்பந்தமா? ஐயா, இதை வெளியில காட்டினா கேஸ் உங்க மேலதான்."

செல்லாத குவியல் வளர்ந்துகொண்டே போனது. இருபத்தைந்து தாள்கள் ஒரு பக்கம். கடைசித் தாளை மட்டும் வக்கீல் இரண்டு தடவை படித்தார்.

"பேஷ்! இது ஒண்ணு செல்லும் ஐயா. வயசு சரி, புத்தி சரி, விஷயம் நியாயம், ரெண்டு பக்கமும் குடுத்து வாங்கியிருக்கீங்க, சாட்சியும் இருக்கு."

முதலாளிக்கு உயிர் வந்தது. "யாருக்கு சார் செல்லும்?"

"உங்க கறைக்காரம்மாவுக்கு."

பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மருத்துவமனைச் சலவைக் கூடம் அவளைக் கூப்பிட்டது. அப்போது அவளுக்கு இருபத்தொன்று. போகாமல் தடுக்க முதலாளி எழுதிய தாள் அது: இன்னும் பத்து வருஷம் முழுசாக வேலை பார்த்தால் கறை மேசை, இழுப்பறை, புட்டி சகிதம் அவளுக்கே. பத்து வருஷம் யார் தாங்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் கோணல் கையெழுத்தைப் பெரிசாகப் போட்டிருந்தார்.

அவள் தாங்கியிருந்தாள். ஒரு வருஷம் கூடவே.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார். "அவ ஒரு நாளும் அதைப் பத்திப் பேசினதில்ல. அவ பிரதியைத் தொலைச்சிருப்பா. நாமளா ஏன் போய்ச் சொல்லணும்?"

"மூணு நாள் கறையை மோந்து பார்த்துச் சொல்றவ, காகிதத்தைத் தொலைப்பாளா?"

"தொலைச்சிருந்தா?"

"தொலைச்சிருந்தா, பங்காளி ஆக்குறேன்னு ஏழு வருஷம் ஏமாத்தினாரே உங்க பழைய முதலாளி, அவருக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவரு வாயால ஏமாத்தினாரு. நீங்க எழுதி வச்சு ஏமாத்துறீங்க."

அதற்கு மேல் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாளும் தட்டைத் தள்ளிவிட்டுக் கடைக்கு வந்தார். சீட்டைக்கூடக் கிழிக்க மறந்து புத்தகத்தோடு நீட்டினார்.

மூன்றாம் நாள் காலை நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தார். "தூக்குங்கடா மேசையை. எழுத்துன்னா எழுத்துதான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கொடுப்பதென்று ஆனபின் நாலு பேருக்குத் தெரியக் கொடுக்க வேண்டாமா? நடுத்தெருவில் வண்டிகளை நிறுத்தி, "பார்த்து, பார்த்து, கல்லு!" என்று தானே வழிவிட்டு நடந்தார். கறைக்காரம்மா ஈரக் கையோடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

கடிகாரக் கடைக்குள் மேசையை இறக்கியதும் தன் பிரதியை நீட்டினார். "உன்கிட்ட இது இருக்காது. இருந்தாலும் நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பன்னிரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள். ரகசிய மருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் அவளுடைய பிரதி.

"ஒரு வருஷமா ஏன்மா கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். அடுத்த மாசம்தானே கடை தொறக்குது? அதுவரைக்கும் பார்க்கலாம்னு இருந்தேன். அப்புறம் கேட்டிருப்பேன்."

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். கடையில் தண்ணீர்த் தொட்டி இல்லை, கொதிகலன் இல்லை, உலர்த்த இடம் இல்லை. அவர் கண் பளிச்சென்று ஆனது.

"கறையை எடுத்துடுவ. துணியை எங்க துவைப்ப?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன் முதலாளி. எனக்கு வர்ற துணியை நீங்க துவைங்க. உங்களுக்கு வர்ற கறையை நான் எடுக்கிறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த புது முத்திரைத்தாள் ஒன்று வெளியே வந்தது. அது அங்கே எப்போதிருந்து இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கறை மேசையின் கல்லிலேயே வைத்து, முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் வாங்கினாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'துணியைப் பார்க்கிற' என்று எங்காவது இருக்கிறதா என்று இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு பேனாவைத் திறக்காமலே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு வயசு சரியா இருக்கு முதலாளி. உங்களுக்குத்தான் ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லைன்னு உங்க வீட்டு அக்கா வக்கீல் கதையோட சேர்த்துச் சொன்னாங்க. புத்தி தெளிவா இருக்கா? போய்ச் சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை போடுங்க. நாளைக்கு வக்கீல் செல்லாதுன்னு சொல்லிடப் போறாரு."