கத்திரி வெயில்ல குடையா நின்ன புள்ளிப்புறா

மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம். மே மாச மத்தியானம் சுவரைத் தொட்டா கை சுடும். ஜன்னலுக்கு வெளிய விடாம ஒரு சத்தம்... குக்குர்ரூ... குக்குர்ரூ...

அப்ப எனக்கு முதல் வேலை. அபிராமபுரத்துல வாடகை ரூம். கூட இருந்தவ நஸீமா, தி.நகர் ஜவுளிக்கடை ஒண்ணுல சேல்ஸ். ஹவுஸ் ஓனரை நச்சரிச்சு நாங்க வாங்கின ஒரே சொகுசு, ஒரு பழைய ஏசி.

ஜன்னலுக்கு வெளிய மாட்டியிருந்த அந்த ஏசியோட அவுட்டோர் பெட்டி மேலதான் ஒரு புள்ளிப்புறா கூடு கட்டுச்சு. கூடுன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். பத்துப் பன்னெண்டு குச்சி, அதுல ரெண்டு வெள்ளை முட்டை. ஏசி ஓடினா அத்தனையும் ஆடும். முட்டை உருண்டுடுமோன்னு பயந்து, கத்திரியில ஏசியை நிறுத்திட்டோம். எங்களை மாதிரி கிறுக்கிங்களை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

அதோட விட்டோமா...

பாவம், வெயில் அடிக்குதேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஈரத் துப்பட்டாவைக் கூட்டுக்கு மேல பந்தல் மாதிரி கட்டினோம். துணி காத்துல படபடத்ததும் புறா பறந்து எதிர்ல கேபிள் வயர்ல உக்காந்துடுச்சு. கிட்டயே வரல. சாஞ்ச வெயில் பந்தலுக்கு அடியில புகுந்து நேரா முட்டை மேல அடிச்சுது.

"இன்னாடி பண்ணிட்டோம்... முட்டை வெந்துடும்டி." நஸீமாவுக்கு அழுகையே வந்துடுச்சு.

அவசரமா துப்பட்டாவை அவுத்து, ஜன்னலைச் சாத்திட்டு, கண்ணாடி வழியா பாத்துட்டே நின்னோம். ரொம்ப நேரம் கழிச்சு புறா வந்துச்சு. ஆனா உக்காரல. முட்டைக்கு மேல நின்னு, ரெண்டு சிறகையும் லேசா இறக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிட்டே நிழல் குடுத்துச்சு.

நாங்க யாரு அதுக்குக் குடை பிடிக்க... அதுவே குடையா நிக்குது. ஒரு கைப்பிடி உடம்புல அவ்ளோ வைராக்கியம். ஜூன்ல ரெண்டு குஞ்சும் பறந்துடுச்சு.

இப்ப வேளச்சேரியில இருக்கேன். ஊர்ப் பறவைங்களை எண்ணிக் குறிச்சு வைக்கிற ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்றான்: "இந்தப் புறா குறையல. ஊர் வளர வளர அதுவும் பொழைச்சுக்கினு கீது. ஆனா வெயில் இப்டியே ஏறிச்சுன்னா, முட்டை மேல அது எவ்ளோ நேரம் நிக்கும்னு தெரியல."

எங்க அபார்ட்மென்ட்ல சுவர் பூரா அவுட்டோர்தான். எங்க வீட்டுது மேலயும் இப்ப ஒரு புள்ளிப்புறா கூடு கட்டியிருக்கு. மெஷின் ஆடுது, சூடு காத்து அடிக்குது, அது எழுந்துக்கவே இல்ல. நானும் மூணு நாளா அதைப் பாத்துட்டே ஏசியில உக்காந்திருக்கேன். வெக்கமா இருக்கு.

இப்பதான் ஏசியை அணைச்சேன். பக்கத்து வீட்டுது ஓடிட்டுதான் இருக்கு.